பாகத்தை மாற்றியது போதும், பழுதைச் சரிசெய்யுங்கள்: ஒரு மோட்டார் சைக்கிள் நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாக இயக்குநர் அவர்களுக்கும், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுப் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

உங்கள் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிளை ஓட்டும் நாமக்கல், ராசிபுரம், சேலம் பக்கத்து உரிமையாளர்கள் சிலரின் சார்பில் இதை எழுதுகிறேன். எல்லோரிடமும் இருப்பது ஒரே மாடல். ஒரே பழுதுக்காக சர்வீஸ் சென்டர் வாசலில் காத்திருந்துதான் நாங்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானோம். நிறுவனத்தின் பெயரையோ வண்டியின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தனியாக அனுப்பிய கடிதத்தில் சேசிஸ் எண், எஞ்சின் எண், ஜாப் கார்டு நகல்கள் எல்லாம் இருக்கின்றன. அதற்கு வந்த பதில் ஏன் போதாது என்பதைத்தான் பொதுவில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் ஒவ்வொருவருக்கும் வந்த பதில் ஒரே மாதிரி இருந்தது. வாகனம் பரிசோதிக்கப்பட்டது, பழுதான பாகம் வாரண்டியில் மாற்றித் தரப்பட்டது, புகார் முடித்துவைக்கப்படுகிறது. மாற்றித் தந்தது உண்மை. அதை மறுக்கவில்லை. ஆனால் மாற்றிய பாகமும் அதே மாதிரி போனது. அதற்கும் மாற்றாகப் பெரும்பாலும் வந்தது அதே பாகம். கூரை ஒழுகும் வீட்டில் நிரம்பிய பாத்திரத்தை எடுத்துவிட்டுக் காலிப் பாத்திரத்தை வைத்துப் போகிற வேலையாக இது இருக்கிறது. ஏன் போகிறது என்று உங்கள் தரப்பில் யாரும் இதுவரை எங்களுக்குச் சொல்லவில்லை.

குறை இதுதான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது. முதலில் மீட்டரில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு எரியும். ஹெட்லைட் மங்கும். சில நேரம் அதற்கப்புறம் கொஞ்ச தூரம் தாங்கும், சில நேரம் அடுத்த திருப்பம்கூடத் தாங்காது. பிறகு எஞ்சின், லைட், இண்டிகேட்டர், ஹாரன் என்று மொத்தமும் அணைந்துவிடும். செல்ஃப் அடித்தால் ரிலேயின் டிக் டிக் சத்தம் மட்டும் வரும். உங்கள் மாடலில் கிக்கர் கிடையாது. தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்றால், ஃபியூல் பம்பை ஓட்டவே பேட்டரியில் தெம்பு இருக்காது. ஓரமாக உருட்டிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டு யாராவது வருவார்களா என்று பார்க்க வேண்டியதுதான்.

சர்வீஸ் சென்டரில் முதலில் பேட்டரியை மாற்றினார்கள். பேட்டரியில் தண்ணீர் குறைந்திருக்கலாம் என்றார் அட்வைசர். அது மெயின்டனன்ஸ் ஃப்ரீ பேட்டரி என்பதை அவருக்கு நாங்கள் நினைவூட்ட வேண்டியிருந்தது. பிறகு, பேட்டரிக்குப் போகும் கரண்டைச் சீராக்கும் ரெக்டிஃபையரை மாற்றினார்கள். பிறகு மேக்னட் காயில். பிறகு ஒரு கனெக்டரை வெட்டி எறிந்துவிட்டு வேறு வைத்தார்கள். பிறகு மறுபடியும் ரெக்டிஃபையர். ஒவ்வொரு முறையும் வண்டி சில நாள் அங்கே நின்றது. ஸ்பேர் வரவில்லை என்று காத்திருந்த வாரங்களும் உண்டு.

நாமக்கல் லாரி ஊர். பாடி கட்டும் பட்டறைகளும் வயரிங் வேலை தெரிந்தவர்களும் இங்கே நிறைய. லாரிகளுக்கு வயரிங் செய்கிற எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் கடைசியில் வண்டியைக் கொண்டுபோனோம். அவர் முதலில் எதையும் கழற்றவில்லை. பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்தார். எஞ்சின் ஓடாதபோது அளவு சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்து ஆக்சிலரேட்டரை ஏற்றினால் பதின்மூன்றரையிலிருந்து பதினான்கரை வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். வண்டி குளிர்ந்திருந்தபோது அப்படித்தான் நின்றது. அப்புறம் வெயிலில் ஒரு நீண்ட சுற்று ஓட்டிவரச் சொன்னார். திரும்பி வந்து அளந்தபோது எண் பன்னிரண்டுக்கும் கீழே போயிருந்தது. பக்க மூடியைக் கழற்றி ரெக்டிஃபையர் கனெக்டரைக் காட்டினார். பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு பின்னைச் சுற்றி உருகியிருந்தது. யூனிட்டின் மேல் கை வைக்க முடியவில்லை.

அவர் சொன்ன விளக்கத்தை உங்கள் பொறியாளர்கள் சரிபார்க்கட்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். மேக்னட் காயில் தருவது ஏசி கரண்ட். அதை டிசியாக மாற்றி, அளவுக்கு மேல் போகாமல் கட்டுப்படுத்துவது ரெகுலேட்டர் ரெக்டிஃபையரின் வேலை. உங்கள் வண்டியில் இருப்பது ஷன்ட் வகை. தேவைக்கு மேல் வருகிற கரண்டை அது ஷார்ட் செய்து வெப்பமாகக் கழிக்கிறது. வேகமாக ஓட்டினால் கரண்ட் கூடும், வெப்பமும் கூடும். அந்த வெப்பம் வெளியேறக் காற்று பட வேண்டும். உங்கள் மாடலில் அந்த யூனிட் எஞ்சினுக்குப் பின்னால் காற்றே நுழையாத மூலையில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் சூடும் அதன் மேல்தான் அடிக்கிறது. சித்திரை வெயிலில் தார்ச்சாலையின் அனல் வேறு. கனெக்டர் பின் சூடாகித் தளர்கிறது, தளர்ந்த இடத்தில் தடை கூடுகிறது, தடை கூடினால் இன்னும் சூடாகிறது. இப்படியே உருகுகிறது. யூனிட் ஒரு விதமாகப் போனால் வோல்ட் குறைந்து எஞ்சின் நிற்கும். இன்னொரு விதமாகப் போனால் வோல்ட் ஏறி பல்பும் பேட்டரியும் போகும், சமயத்தில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியுவுக்கே ஆபத்து.

இது ராக்கெட் தொழில்நுட்பம் இல்லை. யூனிட்டைக் காற்றுப் படும் இடத்துக்கு மாற்றலாம், சூடு குறைவாக வரும் சீரிஸ் வகையைப் போடலாம், கனமான பின் உள்ள கனெக்டர் வைக்கலாம். எங்களில் இருவர் சொந்தச் செலவில் யூனிட்டை முன்பக்கம் ஃபிரேமுக்கு நகர்த்தி வயரை நீட்டி மாட்டியிருக்கிறார்கள். அவர்கள் வண்டி அதற்கப்புறம் நிற்கவில்லை. ஆனால் வயரிங்கில் கை வைத்ததால் அவர்களுக்கு வாரண்டி போய்விட்டது என்று உங்கள் டீலர் சொல்லிவிட்டார். நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலையைச் செய்ததற்காக அவர்கள் வாரண்டியை இழந்திருக்கிறார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தந்த விஷயம்.

சார்ஜிங் கோளாறு பழைய வண்டிகளிலும் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் கார்பரேட்டர் வண்டியில் பேட்டரி செத்தாலும் பெரும்பாலும் கிக்கரை உதைத்து வீடு வந்து சேர்ந்துவிட முடியும். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்6 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு, உங்கள் வண்டி உட்பட, ஃபியூல் இன்ஜெக்‌ஷன் பரவலாகிவிட்டது. பம்ப், இன்ஜெக்டர், ஈசியு மூன்றுக்கும் கரண்ட் வேண்டும். அது இல்லையென்றால் எஞ்சின் இல்லை. 2017 ஏப்ரலிலிருந்து ஸ்டார்ட் செய்த உடனே ஹெட்லைட் எரிய வேண்டும் என்பதும் கட்டாயம், அதனால் பகலிலும் லோடு உண்டு. 125 சிசிக்கு மேலான வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது, அதுவும் கரண்டில்தான் இயங்குகிறது. இவையெல்லாம் நல்ல மாற்றங்கள், நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் வண்டியின் உயிரையே மின்சாரத்தில் வைத்துவிட்ட பிறகு, அதை உற்பத்தி செய்கிற பாகம் வெயிலில் போகிறது என்றால் அதைச் சாதாரணத் தேய்மானமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதை பாதுகாப்புப் பிரச்சினை என்று நாங்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கொல்லிமலைக்கு காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எங்களில் ஒருவர் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஏறிக்கொண்டிருந்தபோது வளைவின் நடுவில் எஞ்சின் நின்றது. வளைவில் ஏறும்போது வேகம் குறைவு, ஹேண்டில் நன்றாகத் திரும்பியிருக்கும், வண்டி உள்பக்கம் சாய்ந்திருக்கும். அந்த நிலையில் வண்டியைத் தூக்கிப் பிடித்திருப்பது பின்சக்கரத்தின் இழுவைதான். அது போனால் வண்டி உள்பக்கமாகச் சாயும், காலை ஊன்ற இடம் இருக்காது. அவர்கள் இருவரும் விழுந்தார்கள். மேலே இருந்து இறங்கிக்கொண்டிருந்த பேருந்தின் ஓட்டுநர் தூரத்திலேயே பார்த்து நிறுத்திவிட்டார். அவர் மனைவியின் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் அன்றைய குறை என்று எழுதியிருப்பது "ஸ்டார்டிங் பிரச்சினை". பேட்டரியைச் சார்ஜ் செய்து கொடுத்து அனுப்பினார்கள்.

அந்த இரண்டு சொற்களை நீங்கள் ஒரு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலைச் சாலையில் இருவர் விழுந்த சம்பவம் உங்கள் கம்ப்யூட்டரில் அப்படித்தான் பதிவாகியிருக்கிறது. இப்படிப் பதிவான விவரங்களை வைத்துக்கொண்டு தலைமை அலுவலகத்தில் யார் கூட்டிப் பார்த்தாலும், இந்த மாடலில் பெரிய குறை இல்லை என்றுதான் தெரியும்.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். எத்தனை விபத்துகளுக்கு வண்டியின் பழுது காரணம் என்பது அவ்வளவு எளிதில் வெளியே வராது. விழுந்தவர் பிரேக் பிடிக்கத் தெரியாமல் விழுந்தார், வேகமாகப் போனார் என்றுதான் பேச்சு முடியும். நசுங்கிய வண்டியின் ரெக்டிஃபையரை யாரும் கழற்றிப் பார்ப்பதில்லை.

இரண்டாவது குறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங். ஹேண்டிலை நேராக வைத்தால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது மாதிரி பிடிக்கிறது, பிரேக் பிடித்தால் முன்பக்கம் டக் டக் என்று தட்டுகிறது. நம் சாலைகளின் குழிகள் உங்களுக்குத் தெரியாதவை இல்லை. பால் ரேஸ் தாங்கவில்லை என்றால் டேப்பர் ரோலர் பேரிங் போட முடியும். பலரும் வெளியே அப்படித்தான் போட்டுக்கொள்கிறார்கள், பிரச்சினை தீர்கிறது. நீங்களோ அதே பால் ரேஸைத் தேய்மானப் பாகம் என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு மாற்றுகிறீர்கள். டயரும் பிரேக் பேடும் தேயும், ஒப்புக்கொள்கிறோம். முதல் ஆண்டிலேயே திரும்பத் திரும்பப் போகிற ஹேண்டில் பேரிங்கைத் தேய்மானம் என்பது நியாயம் இல்லை.

இதற்கெல்லாம் எங்களுக்குக் கிடைத்த காரணங்கள் பல. மழையில் ஓட்டியிருப்பீர்கள், பிரஷர் வாஷ் அடித்திருப்பீர்கள், கூடுதல் லைட் மாட்டியிருப்பீர்கள், லோக்கல் பெட்ரோல் போட்டிருப்பீர்கள். எங்களில் பெரும்பாலோர் வண்டியில் ஹாரனைக்கூட மாற்றாதவர்கள். மழையில் ஓட்டாமல் இருக்க முடியாது, வண்டி வாங்கியதே வேலைக்குப் போகத்தான். உணவு டெலிவரி செய்கிற தம்பி ஒருவர் எங்களோடு இருக்கிறார். வண்டி சர்வீஸில் நின்றால் அன்று அவருக்கு வருமானம் இல்லை, ஆனால் தவணைத் தேதி நிற்பதில்லை. அரசு மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கிற செவிலியர் ஒருவர், நள்ளிரவில் நின்ற வண்டியைத் தெருவிளக்கு இல்லாத சாலையில் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார். அவர் இப்போது அந்த வண்டியை எடுப்பதில்லை, அவருடைய தம்பி கொண்டுபோய் விடுகிறார். உங்கள் கணக்கில் அவர் வண்டிக்கு நிலுவையில் புகார் எதுவும் கிடையாது.

சர்வீஸ் சென்டரில் வேலை செய்கிற பையன்களைப் பற்றி எங்களுக்குப் புகார் இல்லை. அவர்கள்தான் முதலில் உண்மையைச் சொன்னவர்கள். "அண்ணா, இந்த மாடலுக்கு இது வர்றதுதான்" என்று ஒரு மெக்கானிக் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும்? அவர் கை வழியாகத்தான் எல்லா வண்டியும் போகிறது. பட்டறையில் வேலை செய்கிற ஒரு பையனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. வாரண்டியில் கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டால் தர மாட்டார்கள், கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பார்கள். அப்படியானால் தமிழ்நாடு முழுக்க, ஏன், நாடு முழுக்க உருகிப்போன யூனிட்டுகள் உங்களிடம்தான் குவிந்திருக்கின்றன. எங்களிடம் இருப்பது எங்கள் வண்டிகள் மட்டும். முழுப் படமும் உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் கவனித்தோம். கடைசியாக மாற்றிய ரெக்டிஃபையரின் பாக எண்ணில் இறுதி எழுத்து மாறியிருக்கிறது. உடலும் கொஞ்சம் பெரிது, வெப்பம் தணிக்கும் ஃபின்கள் கூடுதல். அப்படியென்றால் பழைய யூனிட்டில் குறை இருந்தது உங்களுக்குத் தெரிந்து, திருத்திய யூனிட்டைத் தயாரித்திருக்கிறீர்கள். அது நல்ல காரியம். ஆனால் அதை யாருக்கும் சொல்லாமல், வண்டி நின்று புகார் கொடுப்பவருக்கு மட்டும் போடுகிறீர்கள். இன்னும் நிற்காத வண்டிகளில் பழைய யூனிட்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அது எங்கே நிற்கப்போகிறதோ, எந்த வளைவிலோ, எந்த லாரிக்கு முன்னாலோ. எங்கள் கோபத்தின் மையம் இதுதான். பழுது வருவதை யாரும் முழுக்கத் தடுக்க முடியாது. தெரிந்த பழுதை, அந்த வண்டியில் போகிறவரிடம் சொல்லாமல் இருப்பதை ஏற்க முடியாது.

மற்ற நிறுவனங்கள் சொல்லியிருக்கின்றன. சென்னையில் தயாரிக்கும் ராயல் என்ஃபீல்ட் 2021 மே மாதம் மீட்டியோர், கிளாசிக், புல்லட் மாடல்களில் 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இக்னிஷன் காயிலில் குறை, எஞ்சின் தடுமாறலாம், அரிதாக ஷார்ட் சர்க்யூட் ஆகலாம் என்று வெளிப்படையாக அறிவித்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையில் வெளியிலிருந்து வாங்கிய குறிப்பிட்ட பேட்ச் பொருளில்தான் சிக்கல் என்றும், பத்தில் ஒரு வண்டிக்கும் குறைவாகத்தான் பாகத்தை மாற்ற வேண்டியிருக்கும் என்று எதிர்பார்ப்பதாகவும் சொன்னது. இருந்தாலும் அத்தனை வண்டிகளையும் அழைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் புதிய கிளாசிக் 350இல் பின் பிரேக்கோடு சேர்ந்த ஒரு பிராக்கெட்டுக்காக 26,300 வண்டிகள். அந்த மாடல் சந்தைக்கு வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. 2018 ஜனவரியில் யமஹா, எஃப்இசட் 25, ஃபேசர் 25 இரண்டிலும் ஹெட் கவர் போல்ட் தளர்வதாக 23,897 வண்டிகளை அழைத்தது. 2024இல் அதே நிறுவனம் பிரேக் லீவருக்காகச் சுமார் மூன்று லட்சம் ஸ்கூட்டர்களை அழைத்தது. இவர்கள் யாருடைய விற்பனையும் அதனால் படுத்துவிடவில்லை.

இன்னொரு அழைப்பை நீங்கள் கவனிக்க வேண்டும். பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியா நாடுகளில் குளிர்காலத்தில் பனி உருகச் சாலையில் உப்புத் தெளிக்கிறார்கள். அந்த உப்பு பிரேக் காலிப்பரை அரிக்கலாம் என்று தெரிந்து ராயல் என்ஃபீல்ட் 2020இல் அங்கே ஓடிய சுமார் 15,200 வண்டிகளை அழைத்தது. அந்த நாட்டுச் சாலைக்கு ஏற்ற தீர்வு அந்த நாட்டுக்காரர்களுக்குக் கிடைத்தது. அப்படியானால் சேலத்து வெயிலுக்கும் ஐப்பசி மழைக்கும் ஏற்ற தீர்வை நாங்கள் கேட்பதில் என்ன தவறு? வெயில் எங்களுக்கு விதிவிலக்கான சூழல் இல்லை, வருடத்தில் பாதி நாள் அதில்தான் ஓட்டுகிறோம்.

தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. 2022 மார்ச்சில் வேலூரில் ஒரு மின்சார ஸ்கூட்டர் வீட்டில் தீப்பிடித்து, தந்தையும் மகளும் இறந்தார்கள். அடுத்த மாதம் அந்த நிறுவனம் 3,215 வண்டிகளைப் பரிசோதனைக்கு அழைத்தது. உங்கள் வண்டியில் நடப்பது வேறு கோளாறு, அதோடு ஒப்பிட்டு யாரையும் பயமுறுத்த நான் விரும்பவில்லை. ஆனால் அழைப்பு எப்போது வர வேண்டும் என்பதை அந்தக் குடும்பத்தை நினைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

சட்டம் உங்கள் வழக்கறிஞர்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரியும். இருந்தாலும் இதைப் படிக்கும் மற்ற உரிமையாளர்களுக்காகச் சொல்கிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் 110ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஓட்டுபவருக்கோ சாலையில் போகும் மற்றவர்களுக்கோ தீங்கு செய்யக்கூடிய குறை ஒரு வகை வண்டியில் இருந்தால், அவற்றைத் திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். கட்டாயத் திரும்பப் பெறுதல் என்றால் பத்து லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. உரிமையாளர்கள் குறையைப் பதிவு செய்ய அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் இடம் இருக்கிறது, போதுமான பேர் பதிவு செய்தால் அரசு விசாரிக்கும். ஒரே குறை உள்ள எல்லோரும் தயவுசெய்து அங்கே பதிவு செய்யுங்கள், சர்வீஸ் சென்டரில் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள்.

அதே 110ஏ பிரிவில் நிறுவனங்களுக்கு ஒரு நல்ல வழியும் வைத்திருக்கிறார்கள். குறையைத் தயாரிப்பாளரே கண்டறிந்து, அரசுக்குத் தெரிவித்து, திரும்பப் பெறும் நடவடிக்கையைத் தொடங்கினால் அந்த அபராதம் கிடையாது. அதாவது, நீங்களே முன்வந்து சொன்னால் சட்டம் உங்களைத் தண்டிக்கவில்லை. இந்த வாய்ப்பு இருக்கும்போதே பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்பதுதான் எங்கள் வேண்டுகோள்.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தயாரிப்புப் பொறுப்புக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. உற்பத்திக் குறை, வடிவமைப்புக் குறை இரண்டுக்கும் தயாரிப்பாளர் பொறுப்பு. குறையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாவிட்டால் நுகர்வோர் ஆணையமே பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். ஒரே குறை உள்ள பலர் அனுமதி பெற்றுச் சேர்ந்து ஒரே வழக்காகப் போடலாம். வழக்கை நாங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், உங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் எங்களில் பலர் ஏற்கெனவே பதிவு செய்துவிட்டோம்.

மாருதி வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னதை நீங்கள் எடுத்துக்காட்டக்கூடும். வாரண்டி பழுதான பாகத்தை மாற்றித் தருவதற்குத்தான், முழு வண்டியையும் மாற்றித் தருவதற்கு இல்லை என்பது அந்தத் தீர்ப்பு. சரி. நாங்கள் புது வண்டி கேட்கவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. நாங்கள் கேட்பது அதைவிடச் செலவு குறைந்தது.

ரெக்டிஃபையர் ஏன் போகிறது என்று நீங்கள் கண்டறிந்ததை எழுத்தில் சொல்லுங்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை தயாரித்த வண்டிகளில் பழைய யூனிட் இருக்கிறது என்று அறிவியுங்கள். அந்த வண்டிகள் அத்தனையையும், நின்றதோ நிற்கவில்லையோ, வாரண்டி முடிந்ததோ முடியவில்லையோ, அழைத்துத் திருத்திய யூனிட்டையும் கனெக்டரையும் இலவசமாகப் போட்டுக் கொடுங்கள். இரண்டாவது மூன்றாவது கை மாறிய வண்டிகளும் இதில் அடங்க வேண்டும், ஏனென்றால் பழைய வண்டி வாங்குபவர் பெரும்பாலும் உங்கள் சர்வீஸ் சென்டர் பக்கமே வராதவர். ஆர்சி புத்தகத்தில் இருக்கும் முகவரியை வைத்து அவர்களுக்கும் தகவல் போகட்டும். சொந்தச் செலவில் யூனிட்டை மாற்றியவர்களுக்கு அந்தப் பணத்தைத் திருப்பித் தருவதோடு, ரத்து செய்த வாரண்டியையும் திரும்பக் கொடுங்கள். கோன் செட்டுக்கு மேலான பேரிங் போட முடியுமா என்று ஆராய்ந்து பதில் சொல்லுங்கள், அதற்கு நாங்கள் கொஞ்சம் காத்திருக்கவும் தயார். முதல் குறைக்குக் காத்திருக்க முடியாது.

அப்புறம், ஜாப் கார்டில் உரிமையாளர் சொன்னதைச் சொன்னபடியே எழுதச் சொல்லி உங்கள் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். "ஓடும்போது எஞ்சின் நின்றது" என்று எழுத இடம் இருந்திருந்தால், இந்த மடலை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது என்று நம்புகிறேன்.

நாங்கள் இந்த வண்டியை விரும்பி வாங்கியவர்கள். வெளிவந்த புதிதில் டெஸ்ட் ரைடுக்காக ஷோரூமில் வரிசையில் நின்றவர்கள். எஞ்சின் அருமையானது, மைலேஜும் நன்றாக இருக்கிறது, நெடுந்தூரம் போனாலும் முதுகு வலிப்பதில்லை. வேறு வண்டிக்கு மாறிவிடுங்கள் என்று நண்பர்கள் சொல்லும்போது நாங்கள் மாறாததற்கு அதுதான் காரணம். விற்றுவிட்டால் பழுது இன்னொருவர் தலையில் விழும் என்பதும் ஒரு காரணம். வாங்க வருகிறவரிடம் இதை மறைத்து விற்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

இந்த மாதக் கடைசிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேர்ந்து மனு கொடுப்பதாக முடிவு செய்திருக்கிறோம். வாகன் தளத்திலும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்திலும் எல்லோருடைய ஆவணங்களோடும் பதிவு செய்வோம். அதற்கு முன்னால் உங்கள் பொறியாளர் ஒருவரை நாமக்கல்லுக்கு அனுப்பினால் மிகவும் மகிழ்வோம். டீலர் மேலாளரோ கஸ்டமர் கேர் அதிகாரியோ வேண்டாம், மின்சாரப் பகுதியை வடிவமைத்தவர்களில் ஒருவர் வரட்டும். எங்கள் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, மூடியைக் கழற்றி, உச்சி வெயிலில் அவர் கண் முன்னாலேயே அளந்து காட்டுகிறோம். எலக்ட்ரீஷியன் அண்ணனும் மீட்டரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் தேதியை இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் போதும், டெலிவரித் தம்பி அன்று விடுப்புச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நாமக்கல் வட்டார உரிமையாளர்களின் சார்பில்,
உங்கள் வண்டியை ஓட்டும் ஒருவர்